இந்த மாதப் பாடம்: ஊசி போட்ட கை தூக்க முடியாமல் போனால்



போன இதழில் உள்கடன் பதிவேடு எழுதுவது பற்றிப் பார்த்தோம். இந்த மாதம் சட்டம் சம்பந்தப்பட்ட பாடம். கொஞ்சம் நீளம்தான். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டாம், ஊக்குநர் படித்துச் சொல்ல, இரண்டு கூட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மீஞ்சூர் பக்கத்து ஊர் ஒன்றில் நம் குழு உறுப்பினர் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். வயது 41. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். போன வருஷம் ஆடி மாசம், கொல்லைப் பக்கம் கிடந்த துருப்பிடித்த தகரம் காலைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டார். காசு கொடுத்தார், சீட்டு கேட்கவில்லை. அன்று ராத்திரியே தோள்பட்டையில் வலி. "ஊசி வலிதானே, ரெண்டு நாள்ல போயிடும்னு நெனச்சேன் மேடம்" என்றார். ரெண்டு நாளில் போகவில்லை, ரெண்டு மாசத்திலும் போகவில்லை. தலைமுடியைத் தூக்கிக் கட்ட முடியவில்லை. பின்பக்கம் கொக்கி மாட்ட மகள் வர வேண்டும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மெஷினில் உட்கார்ந்தால் துணியைத் தள்ளுகிற கை அரை மணி நேரத்தில் மரத்துவிடுகிறது.

குழுக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது நாங்களும் இருந்தோம். "நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் குடுங்கக்கா, சரியாயிடும்" என்றுதான் நாங்களும் சொன்னோம். அது தப்பு. களப்பணி செய்கிற நாங்களே டி.டி. ஊசியை ஒரு தடுப்பூசி என்று அன்று யோசிக்கவில்லை. குழந்தைக்குப் போடுவதும் கொரோனாவுக்குப் போட்டதும்தான் தடுப்பூசி என்று மனசில் பதிந்து போயிருக்கிறது. கால் கிழிந்தால் போடுகிற ஊசியும், கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிற ஊசியும், நாய் கடித்தால் போடுகிற ஊசியும் எல்லாம் தடுப்பூசிகளே. நாலு மாசம் கழித்து அவர் தவணை கட்டாமல் நின்றபோதுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நாங்கள் ஓடி ஓடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஊசியே போட வேண்டாம் என்று யாரும் இந்தப் பாடத்தை வைத்துப் பேச வேண்டாம். ரணஜன்னி வந்தால் உயிர் போகும். துருப்பிடித்த இரும்பும் தகரமும் கொட்டிக் கிடக்கிற நம் எண்ணூர், அத்திப்பட்டு, திருவொற்றியூர் பக்கம் அந்த ஊசி இல்லாமல் முடியாது. ஊசி மருந்தில் குறை இல்லை. இங்கே பேசுவது ஊசியை எந்த இடத்தில், எப்படிக் குத்தினார்கள் என்பது பற்றி.

தோளில் என்ன நடக்கிறது?

மேல்கையில் உருண்டு திரண்டிருக்கிற சதையில்தான் ஊசி போட வேண்டும். உங்கள் தோளின் உச்சியில் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விட்டு, அக்குள் மட்டத்துக்கு மேலே இருக்கிற சதைதான் சரியான இடம். அதற்கு மேலே, எலும்பை ஒட்டிப் போட்டுவிட்டால் ஊசி சதைக்குள் போகாமல், எலும்புக்கும் தசைக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஒரு பையிலும் தசைநாரிலும் போய்விடலாம். மருந்து அங்கே இறங்கினால் அந்த இடம் வீங்கிப் புண்ணாகி, நாளாக ஆக மூட்டே இறுகிப்போகும். ரொம்பக் கீழேயோ பின்பக்கமாகவோ போட்டால் வேறு ஆபத்து, அங்கே நரம்பு ஓடுகிறது.

நம் பெண்களுக்கு இது ஏன் அதிகம் நடக்கலாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும், மேலே சுருட்ட முடியாது. அதனால் கழுத்துப் பக்கத்தை இழுத்து, தோளின் உச்சியை மட்டும் கொஞ்சம் காட்டுவோம். கூச்சம் வேறு, பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். நர்ஸ் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவருக்கு மேலிருந்து குத்தினால் அது உயரத்தில்தான் இறங்கும். நம் அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது. "நானே ஊருக்கெல்லாம் இறுக்கிக் கை வச்சுத் தைக்கிறவ, எனக்கே இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார்.

சாதாரண ஊசி வலி இரண்டு மூன்று நாளில் குறையும். அப்படி இல்லாமல் ஊசி போட்ட உடனேயோ ஒன்றிரண்டு நாளுக்குள்ளோ வலி தொடங்கி, வாரக்கணக்கில் குறையாமல், கையைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தூக்க முடியாமல் இருந்தால் அது வேறு. எலும்பு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். 2010-ல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 13 பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் வலி தொடங்கிவிட்டது. உடற்பயிற்சி சிகிச்சை, வீக்கம் குறைக்கிற மாத்திரை, சிலருக்கு மூட்டில் ஊசி என்று சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் போனால் சீக்கிரம் சரியாகும். நம் அக்காவை நாங்கள் ரயிலேற்றி ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஐந்தாவது மாசம். நல்லெண்ணெய்க்குப் போன நாலு மாசம் போனதுதான்.

முதல் வேலை: சொல்லி எழுத வைப்பது

தடுப்பூசிக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால் அதைப் பதிவு செய்ய அரசாங்கத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாவட்டத்தில் ஒரு குழு, மாநிலத்தில் ஒரு குழு, தேசிய அளவில் ஒரு குழு. கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அதிகாரியிடமோ சொன்னால் அவர்கள் படிவம் எழுதி அனுப்ப வேண்டும். தனியார் கிளினிக்கில் போட்ட ஊசியானாலும் சொல்லலாம். மருந்துகளால் வரும் பாதிப்பைச் சொல்வதற்கு 1800 180 3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, பொதுமக்களே அழைக்கலாம்.

காரணத்தை இந்தக் குழுக்கள் ஐந்து வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மருந்தின் இயல்பால் வந்ததா, மருந்து தயாரிப்பில் இருந்த குறையா, போட்ட விதத்தில் நடந்த பிழையா, பயத்தால் வந்த மயக்கமா, அல்லது ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் அதே சமயத்தில் வந்ததா? நம் தோள்பட்டை விஷயம் மூன்றாவது வகை. ஐந்தாவது வகையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்டு 17-ஆம் தேதி இறந்தபோது ஊரெல்லாம் ஊசிதான் காரணம் என்று பேசினோம். தேசியக் குழு ஆராய்ந்து, அது ஊசியால் வந்தது அல்ல, தற்செயல் என்றது. "ஊசிக்கு அப்புறம் வந்தது" வேறு, "ஊசியால வந்தது" வேறு. நஷ்டஈடு கேட்கும்போது இந்த வித்தியாசத்தில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு துயரமான நினைவு உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை தடுப்பூசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் ஒரே நாளில் இறந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க, கிராமத்தில் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான் போட வேண்டும் என்று சில வருஷங்கள் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நடந்ததைச் சொன்னால்தான் முறை மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

காசு கொடுத்த ஊசியா, இலவச ஊசியா?

நஷ்டஈடு கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான். பலர் இங்கேதான் தவறான இடத்துக்குப் போய் வருஷத்தை வீணாக்குகிறார்கள்.

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் இந்திய மருத்துவ சங்கம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதே தீர்ப்பில் ஒரு எல்லையும் போட்டது. எல்லோருக்கும் முழு இலவசமாக மட்டுமே வைத்தியம் செய்கிற இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்ட ஊசிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தள்ளுபடி ஆகும். ஆனால் சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்கிற ஆஸ்பத்திரி என்றால், இலவசமாகப் போட்டுக்கொண்டவரும் அங்கே போகலாம். தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிற இலவச முகாமில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதைக் கவனியுங்கள்.

காசு கொடுத்துப் போட்ட ஊசி என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நமக்குத் திருவள்ளூரில் இருக்கிறது. 2019-ஆம் வருஷச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற இடத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஊசி சென்னையில் போட்டிருந்தாலும் சரி. நாம் அந்த வைத்தியத்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், அதை நம்பி உட்காரக் கூடாது. நம் அக்காவுக்கு இந்தக் கணக்குப்படி வருகிற ஆடி மாசம் கெடு.

அரசு நிலையத்தில் போட்ட ஊசி என்றால் சிவில் நீதிமன்றம். அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுவதற்கு முன்னால் இரண்டு மாசம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம், 80-வது பிரிவு. இதற்கும் காலக்கெடு உண்டு, எனவே வக்கீலிடம் முதல் மாசமே பேசிவிட வேண்டும். தவறு வெட்ட வெளிச்சமாக இருந்தால், பெரிய சாட்சி விசாரணை தேவைப்படாமல் இருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம்.

"கவர்மெண்ட் மேல கேஸ் போட்டு ஜெயிக்க முடியுமா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். அரியானா மாநிலத்தில் ஒரு கூலிப் பெண் ஜெயித்திருக்கிறார். ஏழு குழந்தைகள் பெற்ற அவர் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு பக்கக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி கர்ப்பமானார். வழக்கு கீழ் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம், மருத்துவர் செய்த கவனக்குறைவுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று சொல்லி, அவருக்கு ஏற்கெனவே தீர்ப்பான 54,000 ரூபாயையும் வட்டியையும் உறுதி செய்தது. தொகை பெரிது இல்லைதான். கூலிக்காரப் பெண் ஒருவர் அரசாங்கத்தை எதிர்த்து டெல்லி வரை நின்றார் என்பதற்காக நாங்கள் பயிற்சிகளில் இந்த வழக்கைத் தவறாமல் சொல்வது வழக்கம்.

வக்கீலுக்குக் காசு? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கக் கூடாது, பெண் என்பதே போதும். பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள். போனில் கேட்க 15100.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் தடுப்பூசிப் பாதிப்புக்குத் தனிச் சட்டம் 1986-ல் வந்தது, 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு டோஸ் மருந்தின் மீதும், அது தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி பிடித்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் நர்ஸ் தப்பு செய்தார், கம்பெனி தப்பு செய்தது என்று நிரூபிக்க வேண்டாம். 2017 மார்ச்சில் தோள்பட்டைப் பாதிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்தத் தோளில் தொந்தரவு இருந்திருக்கக் கூடாது, வலியும் இறுக்கமும் ஊசி போட்ட தோளில் மட்டும் இருக்க வேண்டும், பொதுவாகப் பாதிப்பு ஆறு மாசத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். சமீப வருஷங்களில் அங்கே வருகிற மனுக்களில் பெரும் பங்கு தோள்பட்டை மனுக்கள்தான். இங்கிலாந்தில் 1979-லேயே சட்டம் வந்தது. அங்கே ஊனம் 60 சதவீதம் இருந்தால்தான் பணம், ஆகவே தோள்பட்டைக்காரர்கள் பெரும்பாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் தோற்றுப்போனால் கொடுக்க ஒரு திட்டம் இருக்கிறது, உங்களில் சிலர் அதில் பணம் வாங்கியும் இருக்கிறீர்கள். தடுப்பூசிக்கு அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யாமலே பல பத்து வருஷங்கள் ஓடின. கொரோனா வந்த பிறகுதான் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. 2020 அக்டோபரில் சென்னையில் கோவிஷீல்டு ஊசியின் சோதனையில் சேர்ந்த ஒருவர், தனக்கு மூளை, நரம்புப் பாதிப்பு வந்தது என்று 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் விட்டார். தயாரித்த சீரம் நிறுவனம் அதை மறுத்ததோடு, அவர் மீதே 100 கோடிக்கு மேல் கேட்போம் என்று பதில் அறிக்கை விட்டது. அடுத்து, 2021-ல் ஊசிக்குப் பிறகு இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022-ல் கேரள உயர் நீதிமன்றம், கணவரை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், நஷ்டஈட்டுக்கு வழிமுறை வகுக்கச் சொன்னது. அதை எதிர்த்து மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த பதிலில், இப்படி அரிதாக நடக்கிற மரணங்களுக்கு அரசை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றம் போகட்டும் என்றது. ஊசி போடச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்ட அரசு இப்படிச் சொல்வது எங்களுக்கு வருத்தம்தான். ஊருக்காகக் கை நீட்டியவருக்கு அடிபட்டால் ஊர்தானே பார்க்க வேண்டும்? அந்த வழக்குகள் கொரோனா ஊசி பற்றியவை. டி.டி. ஊசிக்கும் கிளினிக்குக்கும் நம் அக்கா மாதிரி உள்ளவர்கள் மேலே சொன்ன பழைய வழிகளில்தான் நடக்க வேண்டும்.

எதை வைத்து நிரூபிப்பது?

நம் அக்காவிடம் ரசீது இல்லை. ஊசி எழுதின சீட்டு இல்லை. பொன்னேரி வக்கீல் அம்மா முதலில் கேட்டதே "அன்னிக்குத்தான், அங்கதான் ஊசி போட்டீங்கன்னு எதை வச்சு சொல்றது?" என்றுதான். எங்களுக்கு முகம் வாடிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகத் தேடினோம். கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, சிகிச்சைப் பதிவின் நகல் கேட்டு எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவு தர வேண்டும் என்று 2002-ஆம் வருஷ மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. அரசு நிலையமாக இருந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டு, 30 நாளில் ஊசிப் பதிவேட்டின் நகலையே வாங்கியிருக்கலாம். கிளினிக்கிலிருந்து ஒரு மாசம் கழித்து ஒரு பக்கம் வந்தது. பெயர், தேதி, காலில் வெட்டுக்காயம், டி.டி. ஊசி. அந்த ஒரு வரி போதும் என்றார் வக்கீல். போட்ட இடம், கை, மருந்தின் பேட்ச் எண் எதுவும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதும் நமக்குத்தான் சாதகம் என்றார்.

வலி எப்போது தொடங்கியது என்பதற்கு? இங்கேதான் நம் குழுப் புத்தகங்கள் கை கொடுத்தன. அந்த மாதத் தீர்மானப் புத்தகத்தில் "ஊசி போட்ட கையில் வலி காரணமாக உறுப்பினர் கையெழுத்திடும்போது சிரமப்பட்டார்" என்று ஊக்குநர் எழுதியிருந்தார். ஏன் எழுதினார் என்று கேட்டோம். "கையெழுத்து கோணலா இருந்துச்சு மேடம், பின்னால பேங்க்ல கேட்டா என்ன சொல்றதுன்னு எழுதி வச்சேன்" என்றார். தேதியோடு, பத்துப் பதினைந்து பேர் கையெழுத்தோடு இருக்கிற எழுத்து அது. எந்த மருத்துவரும் எழுதித் தராத சாட்சி.

நஷ்டம் எவ்வளவு என்பதற்கு உள்கடன் பதிவேடு. நான்கு வருஷமாக ஒரு தவணை தவறாதவர், ஆவணியிலிருந்து தவறுகிறார். கூடவே அவருடைய அளவு நோட்டு. ஆனி மாசம் எத்தனை ரவிக்கை, ஐப்பசி தீபாவளிக்கு எத்தனை ரவிக்கை என்று அவர் கைப்பட எழுதினது. தீபாவளிக்கு முந்தின வருஷம் எடுத்ததில் பாதிகூட இல்லை. தைக்காத உறுப்பினராக இருந்தாலும் விட வேண்டாம். வீட்டு வேலைக்கும் வருமானக் கணக்குப் போட வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு சாலை விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. தண்ணீர் தூக்க, மாவாட்ட ஆள் வைத்திருந்தால் கொடுத்த கூலியைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி போன ரயில் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

மருத்துவர் சாட்சி கஷ்டமான இடம். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராக எழுதித் தருவது அபூர்வம். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று 2010-ல் ஐதராபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் செய்து ஒரு பெண் இறந்த வழக்கு அது. இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் "ஊசி போட்ட பிறகு தொடங்கியதாக நோயாளி கூறுகிறார்" என்ற வரியையாவது புறநோயாளிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் சீட்டிலேயே எழுத வேண்டும், மூன்றாவது சீட்டில் எழுதினால் பின்னால் சேர்த்தது என்பார்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோள் இறுகிப்போவது ஊசி போடாதவர்களுக்கும் வரும். 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அதிகம், சுகர் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். கிளினிக்கின் பதிலில் இதையேதான் எழுதியிருந்தார்கள். நம் அக்காவுக்கு நல்ல காலம், சித்திரை மாசம் குழு நடத்தின மருத்துவ முகாமில் சுகர் பார்த்த சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அளவு சரியாக இருந்தது. சுகர் உள்ளவர்கள் கேட்கவே கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள கம்பெனி வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்று வாங்கி நோய்க்கால உதவித்தொகைக்கு மனு போடுங்கள். நஷ்டஈடு வருஷங்கள் ஆகும், அரிசி இன்றைக்கு வேண்டும்.

இப்போது எங்கே நிற்கிறது?

வக்கீல் நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் கிளினிக்கிலிருந்து ஒருவர் அக்கா வீட்டுக்கே வந்தார். 20,000 ரூபாய் தருகிறோம், இனி எந்த வழக்கும் போட மாட்டேன் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஸ்கேன், மருந்து, பயிற்சிச் சிகிச்சை, போக்குவரத்து என்று அக்கா இதுவரை செலவு செய்தது 17,400. நோட்டுப்படி தையலில் போனது 40,000-க்கு மேல். கை இப்போது பாதிக்கு மேல் தூக்க வருகிறது. பின்னால் கொண்டுபோக இன்னும் வரவில்லை.

எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. வாங்கிக்கொள்ளட்டும், குழுக் கடன் அடையும், வழக்கு இழுக்கும் என்பது ஒன்று. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு கை இன்னும் மோசமானாலும் கேட்க முடியாது, ஆணையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டு அங்கேயே சமரசம் பேசலாம் என்பது இன்னொன்று. வக்கீலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார். அக்கா, "எனக்கு ஊசி போட்ட அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல. அவளுக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. டாக்டர் வந்து தப்பு நடந்துடுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவ்ளோ தூரம் வந்திருக்க மாட்டேன்" என்றார். பத்திரம் இன்னும் அவர் வீட்டு அலமாரியில் கையெழுத்து இல்லாமல் இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. உங்கள் குழுவில் கடைசியாக யார், எங்கே, எந்த ஊசி போட்டுக்கொண்டார்? சீட்டு கையில் இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

2. ஊசிக்குப் போகும்போது தளர்ந்த கை வைத்த ரவிக்கையோ நைட்டியோ போட்டுப் போகலாம், "நீங்களும் உட்கார்ந்து போடுங்கம்மா" என்று நர்ஸிடம் கேட்கலாம். இதைக் கேட்க நமக்கு ஏன் தயக்கம் வருகிறது?

3. உறுப்பினரின் உடல்நிலையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாமா? எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

4. நம் அக்கா இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா? காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதம் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். அக்காவும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்.